சித்தூர்ச் சாலையில் சைக்கிள்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டு, கோபாலபுரத்து எல்லையைக் கடந்து சித்தூர்ப் பக்கம் நுழைகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது பனை. உடலுக்கு முதலில் படுவது காற்று. வடக்கே நீலகிரியும், தெற்கே ஆனைமலையும் நெல்லியாம்பதி மலையும் உயர்ந்து நிற்க, நடுவே 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிட்டிருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கொங்குநாட்டுப் படை ஒன்று இவ்வழியே வந்து தோற்றுத் திரும்பியது என்னும் நினைவைச் சித்தூர் மக்கள் கொங்கன்படைத் திருவிழாவாகக் கொண்டாடி வருகிறார்கள். படைக்கு மட்டுமன்று, பொதிமாட்டுக்கும் கட்டைவண்டிக்கும் இதுவே வழியாக இருந்தது. பின்னர் அதே வழியில் சைக்கிளும் வந்து சேர்ந்தது.

சித்தூர் முன்னாளில் கொச்சி சமஸ்தானத்தின் ஒரு தாலுகா. சமஸ்தானத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து விலகி, பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட மலபாருக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே அது அமைந்திருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் உருவாயிற்று. 1957 ஜனவரி 1-ஆம் நாள் பாலக்காடு மாவட்டம் தோன்றியபோது சித்தூர் அதில் சேர்ந்தது. மலையாளமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் ஊர்ப்புறம் இது. பாரதப்புழையின் துணையாறான சித்தூர்ப்புழையின் கரையில், மலையாளக் கவியரசர் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. சுற்றிலும் நெல் விளைகிறது, பால் பெருகுகிறது, கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்குச் செல்லும் கள்ளில் பெரும்பங்கு இந்தத் தென்னந்தோப்புகளிலிருந்தே இறக்கப்படுகிறது.

இத்தகைய ஊர்ச் சாலையில் சிறிது நேரம் நின்று பார்ப்போம். பாத்திரங்களைப் பின்புறம் தொங்கவிட்டுக்கொண்டு பால்காரர் ஒருவர் போகிறார். தோப்புக்குச் செல்லும் கள்ளிறக்கும் தொழிலாளி ஒருவர் போகிறார். புத்தகப் பையை முன்கூடையில் வைத்து ஒரு மாணவி போகிறாள். பால்காரர்களிலும் தொழிலாளர்களிலும் பலர் இன்று மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டது உண்மையே. எனினும் சைக்கிள் மறைந்துவிடவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இவர்கள் ஓட்டுவன யாவும் ஒன்றுபோலவே தோன்றும்: இரண்டு சக்கரம், ஒரு சங்கிலி, ஓர் இருக்கை. உற்றுப் பார்த்தால் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. கேரியர் வேறு, சக்கரக் கம்பி வேறு, சட்டம் வேறு. இந்த வேற்றுமைகள் எப்படி வந்தன? அவற்றை முடிவு செய்தவர் யார்? இதுவே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட செய்தி.

சைக்கிளின் உறுப்பு ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய இடர்ப்பாட்டுக்கு விடையாகப் பிறந்தது. 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய வண்டியில் மிதியே கிடையாது. காலால் தரையை உந்தித் தள்ளினார். 1860-களில் பாரிஸ் நகரத்தில் முன்சக்கரத்தின் அச்சில் மிதி பொருத்தப்பட்டது. மிதியை ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறையே சுற்றும். ஆகையால் வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இவ்வாறு வளர்ந்ததுதான் ஆளுயரச் சக்கரம் பூண்ட பழைய வண்டி. அதில் ஒருவர் எவ்வளவு பெரிய சக்கரத்தை ஓட்டலாம் என்பதை அவருடைய கால் நீளமே முடிவு செய்தது. நெட்டையர் விரைந்து செல்லலாம். குட்டையர் பின்தங்க வேண்டியதுதான். தவறி விழுந்தாலோ, தலைகீழாக விழ வேண்டும்.

இந்தத் தளையை அறுத்தது சங்கிலி. மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் உருளைச் சங்கிலியைச் செம்மையாக்கினார். 1885-இல் கவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய ஒத்த அளவுள்ள இரண்டு சக்கரங்களை வைத்து, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். அன்று முதல் சக்கரத்தின் அளவு வேறு, மிதியின் வலிமை வேறு என்றாயிற்று. முன்பல்சக்கரத்திலும் பின்பல்சக்கரத்திலும் எத்தனை பற்கள் என்பதை மாற்றினால் போதும்; அதே வண்டி வேகத்துக்கும் உதவும், சுமைக்கும் உதவும். 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்து மாட்டினார். உறுப்புகளைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தலாம் என்னும் உரிமை சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் கிடைத்தது இந்தச் சில ஆண்டுகளில்தான்.

ஆனால் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த வண்டியில் இந்தத் தேர்வெல்லாம் முன்கூட்டியே முடிந்துவிட்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்ட வண்டி பெரும்பாலும் ஒரே மாதிரியானது: கறுப்பு வர்ணம், 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், கம்பியால் இழுக்கும் பிரேக், முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. அந்த வண்டியைக் குறைத்து மதிப்பிடலாகாது. பெரிய சக்கரம் சாலைக் குழிகளைத் தாண்டிச் செல்லும். சற்றே சாய்ந்த முன்கவை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எடையின் பெரும்பகுதி பின்னே விழுவதால் அங்கே எட்டுக் கம்பி கூடுதல். கரடுமுரடான பாதையில் ஒரு மனிதன் நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகச் செல்வதற்கென்று நன்கு யோசித்துச் செய்யப்பட்ட பொறி அது.

விடுதலைக்குப்பின் சைக்கிள் தொழில் நம் மண்ணிலேயே வேரூன்றியது. 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம், இங்கிலாந்து நிறுவனமொன்றின் கூட்டுறவுடன் தொடங்கப்பட்டது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ் என்னும் பெயர்கள் தமிழகத்துச் சிற்றூர்களிலும் வீட்டுப் பெயர்களாயின. 1951-இல் சோனிபத்தில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ என்று வடக்கேயும் தொழிற்சாலைகள் எழுந்தன. விலை குறைந்தது, வண்டி பெருகியது. எனினும் வார்ப்பு அதேதான். ஒரு மனிதன், நிமிர்ந்த முதுகு, சமதரை, சிறு மூட்டை. இந்த நான்கையும் மனத்தில் வைத்துச் செய்த வண்டியில், நான்கில் ஒன்றும் பொருந்தாதவர்கள் ஏறத் தொடங்கினார்கள். அவர்களுக்காகச் சிந்தித்தவர் தொழிற்சாலைப் பொறியாளர் அல்லர். வாடகைச் சைக்கிளும் பஞ்சர் ஒட்டும் பசையும் வைத்திருந்த தெருமுனைக் கடைக்காரரே.

அவர் தம்மிடம் வருகிறவரை வாய்விட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மூன்று கேள்விகளை மனத்தில் எழுப்பிக்கொண்டார்: எந்தச் சாலை? எவ்வளவு சுமை? யாருடைய உடம்பு? இம்மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் சாலை. சித்தூர்ச் சாலை பெரும்பாலும் சமதரை; ஆகவே ஓட்டுவதற்கு எளிது என்று நினைக்கலாம். ஆனால் இங்கே மேட்டின் வேலையைக் காற்று செய்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து கணவாய்க்குள் நெருக்கிப் புகும் காற்று, பாலக்காட்டை நோக்கிச் செல்கிறவரை மார்பில் தள்ளுகிறது. மார்கழி, தை மாதங்களில் திசை மாறிக் கீழ்க்காற்று வீசுகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பது இயற்கை நூலார் கண்ட உண்மை. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறவருக்கு எதிரே 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவர் உடலில் மோதுவது 30 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றில்லாத நாளைவிட ஆறேகால் மடங்கு தடை! இதற்குச் சாலையைக் குறை சொல்லிப் பயனில்லை. குனிந்து ஓட்டலாம், அது பந்தயக்காரனுக்குச் சரி, பால்பாத்திரம் கட்டியவனுக்கு ஆகாது. அவனுக்குரிய மருந்து பின்பல்சக்கரத்தில் இருக்கிறது.

கடைகளில் ஃப்ரீவீல் என்று வழங்கும் அந்தப் பின்பல்சக்கரம் 18, 20, 22 பற்களில் கிடைக்கும். முன்னே 48 பற்களும் பின்னே 18 பற்களும் இருந்தால், மிதியை ஒருமுறை சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் நகரும். முன்னே 44, பின்னே 22 என்று மாற்றினால் நான்கரை மீட்டர்தான் நகரும். தூரம் குறைகிறதே என்று வருந்த வேண்டாம். குறைந்த தூரத்துக்குக் குறைந்த அழுத்தம் போதும். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓட்டுகிறவர் 60 கிலோ, வண்டி 20 கிலோ, சுமை 70 கிலோ. ஆக 150 கிலோ. இருபது அடிக்கு ஓரடி உயரும் மேட்டில் இதனை ஏற்றப் பின்னோக்கி இழுக்கும் விசை மட்டும் ஏழரைக் கிலோ. ஆறரை அங்குல மிதிக்கோலும் 48-க்கு 18 என்ற பற்களும் இருந்தால், உராய்வைச் சேர்க்காமலே மிதியின்மேல் சராசரி 43 கிலோ அழுத்தம் வேண்டும். மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது பாதத்தின் எடை வீணாவதால், அது கிடையாக வரும்போது இதில் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 65 கிலோ வேண்டும். அறுபது கிலோ மனிதன் எழுந்து நின்று முழு உடம்பையும் வைத்து மிதித்தாலும் போதாது! அவன் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். 44-க்கு 22 என்று மாற்றினால் அதே இடத்தில் 48 கிலோ போதும், சிரமப்பட்டாவது ஏறிவிடுவான். வலிமையுள்ளவன் ஏறினான், வலிமையற்றவன் இறங்கினான் என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வேறுபாடு சில பற்களில் இருந்தது.

இந்த எளிய உண்மையை ஒப்புக்கொள்ள மேல்நாட்டாரும் நெடுநாள் தயங்கினார்கள். நாட்டிங்ஹாமில் 1902-இல் மூன்று வேகம் தரும் சக்கரக்குடம் உருவாயிற்று. ஸ்டர்மி-ஆர்ச்சர் என்பது அதன் பெயர். பிரான்சின் செயின்ட் எட்டியன் நகரத்துப் பால் த விவி, சங்கிலியைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாற்றும் முறையை மலைப்பாதைகளில் ஓட்டிக் காட்டி ஆதரித்தார். ஆயினும் புகழ்பெற்ற பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் அத்தகைய கருவி 1937 வரை அனுமதிக்கப்படவில்லை. வேகம் மாற்றுவது ஆண்மைக்குக் குறைவு என்று கருதினார்கள் போலும். அதுவரை பந்தயக்காரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்திலுள்ள பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலி வருமாறு திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். வீண் பெருமைக்காக மனிதன் தன் முழங்காலைத் தேய்த்துக்கொள்ளும் வழக்கம் எல்லா நாட்டுக்கும் பொதுவானது.

சாலை என்றால் மண்ணும் சேர்ந்ததே. கேரளத்தில் கரிசல் மண்ணைக் காண வேண்டுமானால் சித்தூர்த் தாலுகாவுக்குத்தான் வர வேண்டும். கோடையில் அது வெடித்துப் புழுதியாகும். மழையில் பிசின்போல் ஒட்டும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அந்தச் சேறு அடைத்துக்கொண்டால் சக்கரமே நின்றுவிடும். நகரத்து வழவழப்பான சாலைக்கு மட்கார்டு டயரை ஒட்டி இருக்கலாம். கரிசற்காட்டு வழிக்கு நல்ல இடைவெளி வேண்டும். புழுதியும் சேறும் சங்கிலியை அரமாகத் தேய்க்கும். வேட்டி நுனியைக் காப்பதற்கென்று நாம் நினைக்கும் முழுச் சங்கிலிப் பெட்டி, வேட்டியைவிடச் சங்கிலியைத்தான் மிகுதியாகக் காக்கிறது. புதுச் சங்கிலியில் 24 கண்ணிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12⅛ அங்குலமாக நீண்டுவிட்டால் மாற்றிவிட வேண்டும். இல்லையேல் நீண்ட சங்கிலி நல்ல பல்சக்கரத்தையும் தின்றுவிடும்.

இனி மலை. சித்தூர்ச் சமவெளிக்குத் தெற்கே, நெம்மாறையைக் கடந்து போத்துண்டி அணையிலிருந்து நெல்லியாம்பதிக்குச் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. இன்னும் தெற்கே, தேனிப் பக்கத்திலிருந்து இடுக்கி மலைக்குச் செல்லும் போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது பல்சக்கரம் பேசும். இறங்கும்போது பேசுவது பிரேக். சாதாரண வண்டியில் ரப்பர்க் கட்டைகள் எஃகு வளையத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. முலாம் பூசிய எஃகு நனைந்துவிட்டால் கட்டை வழுக்கும். உலர்ந்த சாலையில் நிற்கும் தூரத்தைப்போல் பல மடங்கு தூரம் ஓடிய பிறகே வண்டி நிற்கும். சமவெளியில் இது ஒரு தொல்லை. மலைச்சரிவில் இது உயிருக்கு உலை. ஆதலின் மழைநாட்டு மலைப்பாதையில் செல்கிறவருக்கு, அலுமினிய வளையமோ, சக்கரக்குடத்துக்குள் அமைந்த பிரேக்கோ, இக்காலத்துத் தட்டுப் பிரேக்கோ ஆடம்பரம் அன்று. வேகத்துக்குச் செலவிடும் பணத்தில் பாதியையாவது நிறுத்துவதற்குச் செலவிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி, சுமை. வண்டி செய்தவர் எண்ணிய சிறு மூட்டை, நம் நாட்டில் நெல் மூட்டையாகவும் விறகுக் கட்டாகவும் பால்பாத்திரமாகவும் வளர்ந்தது. முதலில் தளர்வது பின்சக்கரத்துக் கம்பி. பிறகு வளைவது கேரியர். கடைசியில் முறிவது முன்கவை. இதை உணர்ந்து நம் கடைக்காரர்கள் தடித்த கம்பி கட்டினார்கள். இரும்புப் பட்டையால் கேரியர் அடித்தார்கள். முன்கவைக்கு இருபுறமும் தாங்குகம்பி கொடுத்தார்கள். பாரம் ஏற்றினாலும் சாயாத இரட்டைக்கால் ஸ்டாண்டு வந்தது. மேற்சட்டம் இரண்டாக அமைந்த ‘டபுள் பார்’ வண்டியைத் தொழிற்சாலைகளே செய்து விற்றன. சாணை பிடிக்கிறவர் ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியின் மிதியாலேயே சாணைக்கல்லைச் சுழற்றினார். சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒவ்வொரு கம்பியாக முறுக்கிக் கோட்டம் எடுக்கும் கடைக்காரரின் விரல்களுக்கு, எந்தச் சுமைக்கு எவ்வளவு இறுக்கம் என்பது தெரிந்திருந்தது.

இந்த அறிவின் வலிமையை உலகம் 1954-இல் கண்டது. வியட்நாமில் தியன் பியன் பூ என்னுமிடத்தில் அரண் அமைத்திருந்த பிரெஞ்சுப் படை, மலைக்காட்டின் வழியே எதிரிக்கு உணவும் தளவாடமும் போதிய அளவு வந்து சேரா என்று நம்பியிருந்தது. அவை லாரிகளில் வந்தன, சைக்கிள்களிலும் வந்தன. கைப்பிடியில் ஒரு மூங்கிலைக் கட்டி நீட்டி, இருக்கைக் குழாயில் ஒரு கம்பை ஊன்றி, சட்டத்தின் இருபுறமும் மூட்டைகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு வண்டியிலும் 200 கிலோவுக்கு மேல் ஏற்றி மக்கள் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். அந்த வண்டிகளில் பல பிரெஞ்சு நாட்டிலேயே செய்யப்பட்டவை! ஏறி ஓட்டுவதற்கென்று செய்த பொறியை நடந்து தள்ளுவதற்கென்று மாற்றியவை இரண்டு கழிகள்தாம்.

மூன்றாவது கேள்வியே மிக முக்கியமானது. அதையே நாம் மிகக் குறைவாகக் கேட்டிருக்கிறோம். யாருடைய உடம்பு? தமிழ்நாட்டுச் சிறுவர் தலைமுறை தலைமுறையாகச் சைக்கிள் கற்றது ‘குரங்குப் பெடல்’ போட்டுத்தான். 22 அங்குல, 24 அங்குலச் சட்டம் கொண்ட பெரியவர் வண்டியின் இருக்கை எட்டாது. ஆகவே மேற்சட்டத்தின் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒருபுறம் வளைத்து, அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதித்தார்கள். நினைத்தால் சிரிப்பு வருகிறது. முழங்கால் தழும்பைத் தடவிப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் அதன் பொருள் என்ன? வண்டி குழந்தைக்கு ஏற்ப அமையவில்லை. குழந்தை வண்டிக்கு ஏற்ப வளைந்தது.

பெண்கள் நிலை இன்னும் கடுமையானது. மேற்சட்டம் தாழ்ந்த பெண்கள் சைக்கிளும், சேலை சிக்காமல் பின்சக்கரத்தை மறைக்கும் காப்பும் மேல்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன. நம் சிற்றூர்ப் பெண்களுக்கு வண்டியே எட்டாக்கனியாக இருந்தது. இந்நிலை தலைகீழாக மாறிய இடம் புதுக்கோட்டை மாவட்டம். 1991-இல் தொடங்கி, ஆட்சித்தலைவர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. வயல் வேலை செய்கிறவர்களும், கல்லுடைக்கிறவர்களும், செவிலியரும், ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். 1992-ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில் 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்து ஊர்வலம் வந்தார்கள்.

அங்கே நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டிய ஒரு செய்தி நடந்தது. அதனை இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால் பலரும் ஆண்கள் சைக்கிளை ஓட்டினார்கள். பின்னர் அவர்களுள் பலர் அதனையே விரும்பவும் தொடங்கினார்கள். காரணம், இருக்கையிலிருந்து கைப்பிடி வரை செல்லும் அந்த மேற்சட்டத்தில் குழந்தையை உட்கார வைக்கலாம்! பெண்ணுக்கு மேற்சட்டம் இடையூறு என்று வடிவமைத்தவன் நினைத்தான். அவன் எண்ணியது தனியே உலாவச் செல்லும் பெண்ணை. புதுக்கோட்டைப் பெண்ணோ குழந்தையையும் குடத்தையும் விட்டுத் தனியே செல்பவள் அல்லள். எது வசதி, எது இடையூறு என்பதைச் சொல்ல வேண்டியவர் ஓட்டுகிறவரே என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. தமிழக அரசு 2001-இல் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம், பின்னர் விரிந்து, மாணவிகளையும் மாணவர்களையும் பள்ளிக்கு ஏற்றிச் சென்றது. கொடுத்த வண்டியின் இருக்கையைத் தன் உயரத்துக்கு ஏற்றவோ இறக்கவோ ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்றுக் கொடுத்தால், அந்தக் கொடை முழுமை பெறும். குதிகாலை மிதியின்மேல் வைக்கும்போது, மிதி அடியில் இருக்கையில், கால் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும்; அதுவே இருக்கையின் சரியான உயரம்.

வானொலியோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் இங்கே சொல்லாமலிருக்க இயலவில்லை. ஈழத்தமிழர் சைக்கிளைத் துவிச்சக்கர வண்டி என்பார்கள். 1990-களின் முற்பகுதியில் போரால் யாழ்ப்பாணம் மின்சாரமிழந்து கிடந்தது. மின்கலங்கள் வருவதற்கும் தடையிருந்தது. அப்போது மக்கள் வண்டியை நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, விளக்குக்கென்று அமைந்த டைனமோவின் மின்சாரத்தை வானொலிப் பெட்டிக்குக் கொடுத்துச் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுழற்ற, சுற்றியிருந்தவர் செவிமடுத்தனர். இரவுப் பாதையைக் காட்டுவதற்காகப் பிறந்த ஓர் உறுப்பு, இருண்ட நாளில் உலகத்தின் குரலைக் கொண்டுவந்தது.

இன்று கடைகளில் இருபதுக்கு மேற்பட்ட வேகம் மாற்றும் வண்டிகளும், அகன்ற டயர் வண்டிகளும், அதிர்ச்சி தாங்கும் வில் பூண்ட வண்டிகளும் அணிவகுத்து நிற்கின்றன. தேர்வு பெருகிவிட்டது, ஆனால் கேள்வி குறைந்துவிட்டது. மலைக்கென்று செய்த முரட்டு டயரைச் சமதரையில் ஓட்டி மூச்சு வாங்குகிற இளைஞரும், பந்தய வண்டியின் ஒல்லி டயரைக் கரிசல் வழியில் இறக்கித் திகைக்கிறவரும் உண்டு. முரட்டுக் கட்டமைப்பு உழன்று உழைத்து வண்டியை இழுக்கச் செய்யும். வில் பூண்ட முன்கவை, தார்ச்சாலையில் மிதிப்பவனின் உழைப்பில் ஒரு பங்கை விழுங்கிவிடும். பழைய கறுப்பு வண்டியில் பின்பல்சக்கரத்தைப் பெரிதாக்கி, சங்கிலியில் ஓரிரு கண்ணிகள் சேர்த்து, டயருக்கு உரிய காற்றடித்தால், புது வண்டியின் விலையில் மிகச் சிறு பகுதியில் காற்றையும் சுமையையும் வெல்லலாம். இதனைச் சொல்லித் தரவும் செய்து தரவும் வல்ல தெருமுனைக் கடைகள்தாம் அருகி வருகின்றன. அவர்களுடைய அறிவு நூலில் இல்லை, விரலில் இருக்கிறது. விரல் ஓய்ந்தால் அந்நூல் மூடப்பட்டதாகவே பொருள்.

ஆகவே சைக்கிள் வாங்கப் போகிறவரும், பழைய வண்டியைச் செப்பனிடப் போகிறவரும், வர்ணத்தையும் பெயரையும் பார்க்குமுன் அந்த மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். எந்தச் சாலை? எவ்வளவு சுமை? யாருடைய உடம்பு? மூன்றாவது கேள்விக்கு விடை, வீட்டிலுள்ள மகளாகவோ, முதுமை எய்திய தந்தையாகவோ இருக்கலாம். அவரையும் கடைக்கு அழைத்துச் சென்று, இருக்கையில் அமர்த்தி, கால் எட்டுகிறதா என்று பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும்.

ஆடி மாதத்து மாலையில், சித்தூரிலிருந்து மேற்கே திரும்புகிற பால்காரர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பனையோலைகள் கிழக்கே சாய்ந்து சலசலக்கின்றன. காற்றை அவர் மாற்ற முடியாது. கணவாயை அடைக்க முடியாது. வயதைக் குறைக்கவும் முடியாது. பின்சக்கரத்தில் நான்கு பற்களைக் கூட்டலாம். அந்த நான்கு பற்கள்தாம், அவர் வண்டியில் ஏறி வீடு போகிறாரா, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாரா என்பதை முடிவு செய்கின்றன.